கிரேனும் துணி சோப்பும்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைப் பாதுகாப்பு வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவள் நான். அந்த இருபத்தெட்டு வருடமும் படகில் ஏறினால் வாந்தி எடுத்தேன். மாத்திரை, எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா, தொப்புளில் பிளாஸ்திரி என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. அதனால் முதல் நாளே படகில் குடல் வெளியே வந்துவிட்டதென்று ராஜினாமாக் கடிதம் எழுத உட்காராதீர்கள். வயிறு வேறு, வேலை வேறு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு பென்ஷன் வரைக்கும் வந்து சேரலாம்.

என் பிரிவு உபசார விழாவில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னீர்கள். இரண்டாவது நிமிடத்தில் மைக் மக்கர் செய்துவிட்டது. முன்வரிசைக்காரர்கள் மட்டும் சிரிக்க, பின்வரிசைக்காரர்களான நீங்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினீர்கள். அன்று பாதியில் நின்ற கதையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். நல்லவேளையாக அன்று மைக் கெட்டது. அன்று நான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெரிய தப்பு இருந்தது என்பது விழா முடிந்து வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எண்ணூருக்கு நேர் கிழக்கே கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. பவளம் என்றதும் ராமேசுவரம் பக்கத்துப் படங்களை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏமாந்து போவீர்கள். அனல்மின் நிலையமும் துறைமுகமும் பார்த்துக்கொண்டிருக்கிற கலங்கல் தண்ணீர் அது. அந்தத் தண்ணீரில், ஒரு கல்யாண மண்டப அளவுப் பாறையில், ஆங்காங்கே பவளமும் கடல்விசிறியும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. நாங்கள் அதை முதன்முதலில் பார்த்த வருடம் கோடையில் கடல் கொதித்துப்போய்ப் பவளமெல்லாம் வெளுத்திருந்தது. செத்தது என்றே நினைத்தோம். மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடி போனபோது பாதிக்கு மேல் நிறம் திரும்பியிருந்தது. எங்கள் டைவர் டேவிட், திருவொற்றியூர்க்காரன், தண்ணீருக்கு மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக என்னைக் கட்டிக்கொண்டான்.

அந்த சந்தோஷம் முழுதாக ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாளே துறைமுகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வரைபடம் வந்தது. கப்பல் வரும் பாதையைத் தூர்வாரி அள்ளும் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குக் கடலில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் திட்டு அந்தக் கட்டத்துக்குள் இருந்தது. காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தவன் தலையில் மண்ணைக் கொட்டுவதுபோல எனக்கு இருந்தது. ஆட்சேபம் எழுதினோம். துறைமுக அலுவலகத்திலிருந்து மரியாதையாகவே பதில் வந்தது. திங்கட்கிழமை காலை எங்கள் அதிகாரி உங்கள் படகிலேயே வருவார், திட்டைக் காட்டுங்கள், காட்டினால் கட்டத்தை மாற்றுகிறோம், காட்டாவிட்டால் அன்று பிற்பகலே வேலை தொடங்கும் என்று எழுதியிருந்தார்கள்.

காட்டுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். திட்டின் இருப்பிடத்தை வேறெங்கும் எழுதாமல் அதில் மட்டும் குறித்துவைத்த ஜி.பி.எஸ். கருவி திட்டின் மேலேயே கிடந்தது, அதுதான் கஷ்டம். நிறம் திரும்பியதைப் பார்த்த அன்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன். வழக்கம்போல விளிம்பில் குனிந்தேன். வழக்கத்துக்கு மாறாகக் கருவியும் என் கழுத்தை விட்டுப் போய்விட்டது. போன்களைக் கரையில் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போவது அப்போது எங்கள் பழக்கம். அதற்கு முன்பே இரண்டு போன்களைக் கடலுக்குக் கொடுத்திருந்தோம், அதில் ஒன்று என்னுடையது. டேவிட்டின் கேமராவில் பவளம் அழகாகப் பதிந்திருந்தது. எங்கே எடுத்தது என்று மட்டும் அந்தக் கேமராவுக்குத் தெரியாது.

ஆனாலும் நான் கலங்கவில்லை. எங்கள் படகுக்காரர் அன்று திட்டின் மேல் படகை நிறுத்துவதற்கு முன்னால் கரையை இரண்டு தடவை பார்த்ததை நான் கவனித்திருந்தேன். எண்ணூர்க் குப்பத்துத் தூண்டில்காரர் அவர். கரையில் இரண்டு பொருள் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக வரும் கோட்டை ஒரு பக்கம் பிடிப்பார்கள், இன்னொரு பக்கம் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாறை இருக்கும். அந்த அடையாளத்தைப் பெற்ற மகனுக்குக்கூடச் சீக்கிரம் சொல்லமாட்டார்கள். சொன்னால் மறுநாள் அங்கே இருபது படகு நிற்கும். நானும் கேட்டுத்தான் பார்த்தேன்.

"எதைப் பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். கொக்கு போச்சு, அத பாத்துகினு இருந்தேன்."

கொக்குமில்லை, காக்காயுமில்லை. சரி, நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் இல்லையா என்று நானே அடையாளம் எடுத்தேன். மேற்கே நடு சிமினிக்கு நேர் முன்னால் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி. வடக்கே மின்கம்பிக் கோபுரத்துக்கு நேர் முன்னால் ஒரு உயரமான நீல கிரேன். நோட்டில் படமே வரைந்தேன், வாந்திக்கு நடுவில். நூறு வருடப் பரம்பரை வித்தையை அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டதாக நினைப்பு. அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தெரியாத வயதில் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

திங்கட்கிழமைக்கு முன்னால் இன்னொரு தடவை போய்ப் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒரு புயல் வந்தது. பத்து நாளைக்குப் படகே இறங்கவில்லை. கடல் கரையைக் கடித்துத் தின்றது. குப்பத்துக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற மணல், சாலையோரப் பாறாங்கல், சில பனைமரங்கள், ஒரு கழிப்பறைக் கட்டடம் எல்லாம் போயின. ஞாயிற்றுக்கிழமை மாலைதான் காற்று அடங்கியது.

திங்கட்கிழமை காலை வடசென்னை டோல்கேட்டில் எங்கள் மளிகைக்கடை வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். எங்களுக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்து கடை போட்டோம், இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். அவன் என் பையைத் திறந்து இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு முழுத் துணி சோப்பும் போட்டான்.

"சோப்பு எதுக்குல?"

"ஏக்கா, நீ கெடக்கிற கெடைக்கு வந்து சேலைய அலசாண்டாமா?"

கரையில் அதிகாரி தயாராக நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும், சட்டை கசங்காத மனிதர். கூட ஓர் உதவியாளர் வந்திருந்தார். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர், கலகலப்பான ஆள். படகில் ஏறும்போதே, "கடலெல்லாம் நமக்குப் பழக்கம் மேடம். நம்ம மச்சான் காசிமேட்டுல பெரிய போட்டு வெச்சிகினு கீறாரு" என்றார். அதைக் கேட்டதும் எங்கள் படகுக்காரரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய விசைப்படகு வைத்திருப்பவரின் மைத்துனன் முன்னால் இவர் எப்படித் தன் இடத்தைக் காட்டுவார்?

பாதி தூரம் போனதும் அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம், "மேடம், நீங்களே அடையாளம் எத்து வெச்சிகினு கீறீங்கள்ல. நீங்க சொல்லுங்க, நான் ஓட்டறேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டைப் பிரித்து, எழுந்து நின்று, கையை நீட்டி, கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், நேராக என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனேன். சிமினிக்கு முன்னால் தொட்டி வந்து நின்றது. அந்தக் கோட்டிலேயே கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். கோபுரத்துக்கு முன்னால் கிரேனும் வந்தது. "நிறுத்துங்க. இங்கேதான்" என்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டேவிட் குதித்தான்.

ஐந்து நிமிடத்தில் மேலே வந்தான். கையில் ஒரு ரப்பர் செருப்பு, இடது கால்.

"யக்கா, கீழ ஒண்ணுமே இல்ல. சேறு. இதுதான் இருந்துச்சு."

"சரியாப் பாருடா."

மறுபடி குதித்தான். இந்தத் தடவை வலது காலாவது கிடைக்குமா என்று உதவியாளர் கேட்டார். கிடைக்கவில்லை, வெறும் கையோடுதான் வந்தான். நீரோட்டம் இழுத்திருக்கும், இருபது அடி தள்ளியிருக்கும் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே அடையாளத்தைச் சரிபார்க்க வடக்கே திரும்பினேன். கோபுரம் அங்கேயே இருந்தது. கிரேன் அதை விட்டு இடப்பக்கம் தள்ளி நின்றது. படகு நகர்ந்துவிட்டது என்று நினைத்துச் சிமினியைப் பார்த்தேன், அது தொட்டிக்கு நேராகத்தான் இருந்தது. மறுபடி கிரேனைப் பார்த்தேன். அது தண்டவாளத்தின்மேல், மெதுவாக, யாரையும் சட்டைசெய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் வைத்த அடையாளம் என் கண்முன்னாலேயே நடந்து போனது. நோட்டைப் பார்த்தேன். அதில் நான் வரைந்த கிரேன் மட்டும் நகராமல் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். எனக்கு முன்னால் அப்போது மூன்று வழி இருந்தது. நீரோட்டம் என்று இன்னும் அரை மணி நேரம் பொய் சொல்லலாம். படகுக்காரரின் காலைப் பிடித்து, அந்த உதவியாளர் முன்னாலேயே அவர் பிழைப்பின் ரகசியத்தை உடைக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லி, இருபது வருட அனுபவமுள்ளவள் என்ற பெயரை அந்தச் சேற்றிலேயே போடலாம். நான் ஒன்றும் பெரிய யோசனை செய்யவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சார், தப்பு என்னுடையது. நான் ஒரு கிரேனை அடையாளமா வெச்சுட்டேன். கிரேன் நகரும்ங்கிறது எனக்கு இப்பத்தான் தோணுது."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு கிரேனைப் பார்த்தார். கசங்காத சட்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டி வந்தது. உதவியாளர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். டேவிட் தண்ணீருக்குள் மிதந்தபடி சிரித்துக் கொஞ்சம் கடலைக் குடித்துவிட்டான். "மேடம், உங்க அடையாளம் டீ குடிக்க போவுது" என்றார் படகுக்காரர். எனக்கே பொறுக்கவில்லை. ஐந்து பேரும் நடுக்கடலில் செருப்பை நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அதிகாரி, "பன்னிரண்டு மணிவரைக்கும் இருக்கேன்மா. அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். பொய் சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்காது என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

சிரித்த பிறகு மூளை லேசாகிவிட்டது. சிமினியும் தொட்டியும் நகரவில்லை, ஆகவே ஒரு கோடு சரி. திட்டு அந்தக் கோட்டில் எங்கேயோதான் இருக்கவேண்டும். கரைப்பக்கம் திரும்பி அதே கோட்டில் தடவிக்கொண்டே போனால் என்ன என்று கேட்டேன். படகுக்காரர் பலகைக்கு அடியிலிருந்து கயிறு கட்டிய ஒரு ஈயக்குண்டை எடுத்தார்.

"அடியில எதனா தடவணும் மேடம். கிரீசு வெச்சிருந்தேன், தீந்துபோச்சு."

பையிலிருந்து துணி சோப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதை வெயிலில் பிசைந்து, குண்டின் அடியில் அப்பினார். குண்டை இறக்கித் தூக்கினால் கடலடியில் இருப்பது சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். இன்று பாறைக்கு மேலே ஈயக்குண்டு போட்டால் நீங்கள் என்மேல் புகார் எழுதுவீர்கள், எழுதுங்கள். அன்று எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

முதல் இறக்கம் கறுப்புச் சேறு. இரண்டாவதும் சேறு. படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது, ஒவ்வோர் அலைக்கும் தொட்டில்போல ஆடியது. கடல் பழக்கமான உதவியாளர் முதலில் பேச்சை நிறுத்தினார், பிறகு மஞ்சளானார், பிறகு விளிம்பில் குனிந்தார். பக்கத்தில் நானும் குனிந்தேன். எனக்கு மட்டும் எப்படியோ தலை நிமிர்ந்து குண்டைப் பார்க்க முடிந்தது, இருபது வருடப் பயிற்சி. அடடா, இந்த ஆள் வேண்டுமென்றே படகை அலைக்குக் குறுக்கே விட்டு, உதவியாளரின் கண்ணைக் கடலுக்குள் திருப்பிவிட்டாரே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். மீதி எலுமிச்சம்பழத்தை உதவியாளருக்குக் கொடுத்தேன். அவர் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, "மச்சானாண்ட சொல்லாதீங்க மேடம்" என்றார்.

ஏழாவது இறக்கத்தில் மணல் வந்தது. எட்டாவதில் மணலோடு சிப்பித்தூள். பதினொன்றாவது தடவை கயிற்றைப் பிடித்திருந்த படகுக்காரரின் கை சட்டென்று நின்றது. மேலே எடுத்துப் பார்த்தோம். சோப்பில் சேறும் இல்லை, மணலும் இல்லை, ஒரு பெரிய பள்ளம் மட்டும். பள்ளத்தின் ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பவளத் துணுக்கு ஒன்று, அதில் புள்ளிபுள்ளியாகச் சின்னத் துளைகள். டேவிட் அதைப் பார்த்ததும் முகமூடியைக்கூடச் சரியாக மாட்டாமல் குதித்துவிட்டான்.

அவன் மேலே வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. கேமராவின் சின்னத் திரையை அதிகாரிக்கு முன்னால் பிடித்தான். கலங்கலுக்குள் பழுப்பும் பச்சையுமாகப் பவளம், நடுவில் கடல்விசிறி ஒன்று, அதற்குப் பின்னாலிருந்து ஒரு களவா மீன் எட்டிப்பார்த்து இது யார் என்பதுபோல நின்றது. மூலையில், சத்தியமாகச் சொல்கிறேன், என் ஜி.பி.எஸ். கருவி. அதன்மேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. அதிகாரி கேமராவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "இது இங்க இருக்குன்னு எங்க யாருக்குமே தெரியாதும்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அவர் தன் கருவியை எடுத்து இடத்தைக் குறித்தபோது நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். அறிக்கையில் புள்ளியாகப் போடாதீர்கள், தாராளமாக ஒரு பெரிய சதுரம் போடுங்கள், அதற்குள் எங்கும் சேறு கொட்டக்கூடாது என்று எழுதுங்கள் என்றேன். திட்டுக்கும் நல்லது, படகுக்காரரின் ரகசியத்துக்கும் நல்லது. அவர் யோசித்துவிட்டுச் சரியென்றார். அந்தச் சதுரம்தான் உங்கள் அலுவலகச் சுவர் வரைபடத்தில் பச்சை மையில் இருப்பது.

இதுவரைக்கும் நான் பல வருடமாகச் சொல்லிவந்த கதை. ரகசியம் காத்த படகுக்காரரின் சாமர்த்தியம் என்று முடிப்பேன். விழாவிலும் முன்வரிசைக்கு அப்படித்தான் சொன்னேன். அந்த முன்வரிசையில் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தார்.

விழா முடிந்து வாசலில் ஒரு பை நண்டைக் கையில் கொடுத்தார். போகாமல் நின்றார்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு எனக்கும் தெரியாது."

"எது தெரியாது?"

"எடம். சிமினி கோடு எனக்கும் அதேதான். இன்னொண்ணு மூணு பனை. மூணும் ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரணும். எங்க நைனா காலத்துலேந்து அதான். பாதி தூரம் போயி திரும்பி பாக்குறேன், பனையே இல்ல. அந்தப் புயல்ல போயிட்சி."

அந்த மச்சான், மாறிய முகம், அலைக்குக் குறுக்கே விட்ட படகு எல்லாம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"கடல் அப்டி இருந்துச்சு, நான் இன்னா பண்றது. நான் பனைய தேடிகினு இருந்தேன், எங்க மச்சான பாத்தேன். நீ பட்டுனு என் தப்புன்னு சொல்லிட்ட. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேந்து சிரிச்சேன். வூட்டுக்கு போனா சோறு எறங்கல. எனக்கும் தெரியலன்னு ஒரு வார்த்த வரலியேன்னு. இத்தினி வருசமா நீ வேற என்னிய புத்திசாலின்னு சொல்லிகினு திரியிற."

"அப்ப அதுக்கப்புறம் இத்தனை வருஷமா எப்படி அங்க போறீங்க? அந்தக் கரையில வேற அடையாளம் எடுத்தீங்களா?"

"எங்க எடுக்கிறது? கரையே நிக்க மாட்டேங்குதே. இந்த வருசம் பாத்தது அடுத்த வருசம் இல்ல. சிமினி கோட்டுல போவேன். அப்பறம்..." என்று சொல்லிச் சிரித்தார். "எடம் காட்டுற மெசினு ஒண்ணு வாங்கலாம்தான். குப்பத்துல சிரிப்பாங்க."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பல வருடமாகத் தம்பி ஒரு புகார் சொல்லுவான். உன் படகுக்காரர் மாதம் தவறாமல் எண்ணூரிலிருந்து டோல்கேட் வரைக்கும் வந்து ஒரே ஒரு துணி சோப்பு வாங்குகிறார், வேறு சோப்பு கொடுத்தால் வேண்டாம் என்கிறார், அந்தப் பக்கம் கடையே இல்லையா என்பான். என்மேல் உள்ள மரியாதை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனை சோப்பும் ஈயக்குண்டின் அடியில் போயிருக்கிறது.

அன்று நண்டுப் பையோடு நேராகக் கடைக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "ஏக்கா, அப்ப அவரு இத்தன வருசமா துணியே தொவைக்கலையா?" என்றான். இருவரும் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சாமான் வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

உங்களிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன, கழுத்துக்கு உறுதியான கயிறும் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு நாள் படகில் யாருக்கும் இடம் தெரியாமல் போகும். அன்று எனக்குத் தெரியவில்லை என்று முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள், அவரும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடட்டும். அடுத்த வாரம் திட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படகு அவருடையதுதான். போகிற வழியில் டோல்கேட்டில் இறங்கி, தம்பியிடம் என் பெயரைச் சொல்லி ஒரு துணி சோப்பு வாங்கிக்கொண்டு போங்கள். மழை நின்ற பிறகு அவர் இன்னும் கடைக்கு வரவில்லையாம், கையிருப்பு தீர்ந்திருக்கும்.